காத்திருப்போர் கூடத்துக்கு ஒரு ஜாஸ்

சான்றிதழ் அலுவலகத்தின் காத்திருப்போர் கூடத்தில் பொதுமக்கள் காத்திருப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர்கள் இசையில்லாமல் காத்திருக்கிறார்கள் என்பது இயக்குநரின் மேலான கவனத்துக்கு வந்தது. இயக்குநர் அப்போதுதான் வெளிநாட்டில் ஒரு பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். என்ன பயிற்சி என்று யாருக்கும் தெரியாது. அங்கே தங்கிய ஓட்டலின் லிஃப்டில் ஜாஸ் ஓடிக்கொண்டிருந்தது என்பது மட்டும் வாசல் காவலாளி வரைக்கும் தெரிந்துவிட்டது.

லிஃப்டிலேயே ஜாஸ் என்றால் அலுவலகத்தில் ஏன் கூடாது என்று இயக்குநர் கூட்டம் கூட்டிக் கேட்டார். இதே கேள்வி தங்கள் மனத்திலும் வெகுநாளாக இருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். அதுவரை ஜாஸ் என்பது ஏதோ சட்டைத் துணி என்று நினைத்திருந்த கணக்கு அதிகாரி மற்றவர்களைவிடச் சற்றுப் பலமாகவே தலையாட்டினார். வெளியே வாங்கினால் ஏழெட்டுப் பேரிடம் விலைப்புள்ளி கேட்க வேண்டும் என்பதால், உரிய இசையை அலுவலகத்துக்குள்ளேயே தயாரித்துக்கொள்வதெனத் தீர்மானமாயிற்று. தற்காலிகம் மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

தற்காலிகம் என்பவர் அங்கே தட்டச்சு செய்கிறவர். வேலைக்குச் சேர்ந்தபோது தற்காலிகப் பணியாளர் என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவர் தலை நரைத்தது, மேஜை இரண்டு தடவை மாறியது, அந்தச் சொல் மட்டும் மாறவில்லை. நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது. வீட்டில் பழைய லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு ஜாஸ் போடுவார் என்பது அவருடைய ஒரே ரகசியம். அதையும் ஒருநாள் டீ குடிக்கும்போது உளறிவிட்டிருந்தார்.

கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். “ஏம்பா, கம்ப்யூட்டர்லயே பியானோ, டிரம்ஸ் எல்லாம் வாசிப்பியாமே?”

“ஏதோ ஆசைக்கு சார்.”

“ஆசையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். உனக்கு இந்த மாசத்தோட நீட்டிப்பு கிடையாதுன்னு மேலேர்ந்து வந்தாச்சு. இந்த ஜாஸை மட்டும் ஒழுங்கா முடிச்சுக் குடு, உன்னை நிரந்தரம் பண்ற ஃபைலை நானே கையில எடுத்துட்டு மேல போறேன்.”

தற்காலிகத்துக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நிரந்தரம்! அதுவும் ஜாஸால்! வாழ்க்கையில் இரண்டு ஆசைகள் ஒரே வாசல் வழியாக வருவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வீட்டுக்கு வந்தவர் சமையலறை மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே சீராக நடந்து போக, பியானோ அங்கங்கே எட்டிப் பார்க்க, நடுவில் சாக்ஸபோன் மனம்போன போக்கில் புறப்பட்டுப் போய்த் திரும்பி வருவதாக ஒரு பாட்டைக் கட்டினார். ஒன்றுவிட்டு ஒரு ஸ்வரத்தை மவுஸால் பிடித்துக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், பின்னால் தள்ளிவைத்தார். அந்தத் தாமதம்தான் ஜாஸின் நடை. அது இல்லாவிட்டால் போலீஸ் அணிவகுப்பு ஆகிவிடும்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் காதில் ஹெட்போனை மாட்டினார். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். “நல்லா இருக்குங்க. விழப் போற மாதிரி இருக்கு, ஆனா விழல” என்றாள். இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது என்று தற்காலிகம் பூரித்துப்போனார்.

இசையை ஆராய்ந்து ஒப்புதல் அளிக்க மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது: கண்காணிப்பாளர், கணக்கு அதிகாரி, வருகைப் பதிவு அதிகாரி. இசையைக் கேட்பது குழுவின் அதிகார வரம்பில் இல்லாததால், அவர்கள் திரையைப் பார்த்தார்கள்.

“இந்தச் சின்னச் சின்னக் கட்டமெல்லாம் என்னப்பா?” என்றார் வருகைப் பதிவு அதிகாரி.

“ஒவ்வொண்ணும் ஒரு ஸ்வரம் சார். இந்தக் கோடுங்கதான் நேரம்.”

“ஒண்ணுவிட்டு ஒண்ணு கோட்டைத் தாண்டி நிக்குதே?”

“அதெல்லாம் கொஞ்சம் லேட்டா வரணும் சார்.”

“லேட்டா வரணுமா? என்கிட்டயே சொல்றியா?” அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “விரல் ரேகை மிஷின் வெச்சு அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தவனுக்கெல்லாம் மெமோ குடுத்துட்டிருக்கேன். மனுஷனுக்காவது பஸ் கிடைக்கல, பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு காரணம் இருக்கும். இதுக்கு என்ன காரணம்?”

“கேக்க நல்லா இருக்கும் சார்.”

“இதே காரணத்தை நாளைக்கு ஸ்டாஃபும் சொல்லுவான்.”

எல்லா ஸ்வரங்களையும் கோட்டின் மேல் கொண்டுபோய் நிறுத்த ஒரு பட்டன் இருந்தது. தற்காலிகம் அதை அழுத்தினார். அத்தனையும் ஒரு நொடியில் வரிசையில் நின்றன. வருகைப் பதிவு அதிகாரி வெகுநேரம் திரையையே பார்த்துவிட்டு, “இந்தப் பட்டனை நம்ம ஆளுங்களுக்கு வாங்க முடியுமா?” என்று ஏக்கத்தோடு கேட்டார்.

அடுத்து கண்காணிப்பாளர் சாக்ஸபோனில் விரலை வைத்தார். “இது ஏன் மத்ததைவிட மேல தூக்கிட்டு நிக்குது?”

“அதான் சார் தனியா வாசிக்கிற இடம். முன்கூட்டி எதுவும் முடிவு பண்ணாம, அந்த நேரத்துக்குத் தோணுறதை வாசிக்கறது.”

“முன் அனுமதி இல்லாமலா?”

“அனுமதி வாங்கிட்டா அது...”

“எப்ப வந்து சேந்துச்சு?”

“பாட்டு ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சு சார்.”

“டிரம்ஸ் மொதல்லேர்ந்து இருக்கு. நேத்து வந்தது டிரம்ஸுக்கு மேல போறதா? பணி மூப்புன்னு ஒண்ணு இல்லையா? அதுவும் இங்க ஒரு மாதிரி, அங்க ஒரு மாதிரி வாசிச்சிருக்கு. காலையில வர்றவங்களுக்கு ஒண்ணு, மத்தியானம் வர்றவங்களுக்கு ஒண்ணுன்னா பாரபட்சம்னு கேஸ் போட்டுருவாங்க.”

சாக்ஸபோன் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. பியானோவின் மேல் கணக்கு அதிகாரிக்கு ஏற்கனவே ஒரு கண் இருந்தது. அது பாதி நேரம் சும்மா இருப்பதை அவர் கண்டுபிடித்தார். இடைவெளி இருந்தால்தான் இசை என்று தற்காலிகம் மன்றாடிப் பார்த்தார். சும்மா இருப்பதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்தது. சரியென்று இடைவெளிகளையெல்லாம் நிரப்பிக் கொண்டுவந்தால், இடைவிடாத சத்தம் அலுவலக வளாகத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது என்று மூவரும் ஒருமனதாகச் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்கள். பியானோவும் போயிற்று.

அன்று தற்காலிகம் தட்டில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார். “ஒரு பாட்டுக்கா இப்படி?” என்றாள் மனைவி. “அவங்க கேக்கற மாதிரி குடுத்துட்டு வாங்க. நிரந்தரம் ஆனப்புறம் வாரம் ஒரு பாட்டுப் போடுங்க, நானே கேக்கறேன்.” அவள் சொன்னது நியாயம்தான். அதனால்தான் இன்னும் வலித்தது.

மறுநாள் அவர் மிச்சமிருந்த பேஸையும் டிரம்ஸையும் எடுத்துவிட்டு, கோடுகள் மட்டும் உள்ள திரையைக் குழுவிடம் காட்டினார். தாமதம் இல்லை, பாரபட்சம் இல்லை, சோம்பல் இல்லை, சத்தம் இல்லை. மூன்று பேரும் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார்கள்.

தொடக்க விழாவுக்கு நகரத்தின் பிரபல இசை விமர்சகர் ஒருவரும் அழைக்கப்பட்டிருந்தார். இயக்குநர் ரிப்பன் வெட்டிப் பட்டனை அழுத்தினார். ஒலிபெருக்கிகள் வாய் திறக்கவில்லை.

கூடம் அமைதியானதும் அதிலிருந்த மற்றதெல்லாம் கேட்க ஆரம்பித்தது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை ‘டக்’ என்றது. மூன்றாம் கவுண்டரில் முத்திரை குத்தும் சத்தம், விசிறிக்குச் சற்றே பின்னால் வந்து விழுந்தது. யாரோ ஒருவர் இருமினார். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள், “எப்பதான்யா கூப்பிடுவீங்க?” என்று இழுத்தாள்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். தலை மெல்ல ஆடியது. “அப்படியே லிஃப்டுல கேட்ட மாதிரியே இருக்கு” என்றார்.

விமர்சகர் ஒரு கணம் தயங்கினார். இயக்குநரின் தலை ஆடுவதைப் பார்த்தார். “அந்த ‘எப்பதான்யா’ எதிர்பாராத இடத்துல வந்து விழுது பாருங்க, அதுதான் மேதைமை” என்றார். கூட்டம் கைதட்டியது. உண்மையைச் சொல்லத் திறந்த வாயைத் தற்காலிகம் கண்காணிப்பாளரின் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஊரில் யாரைக் கேட்டாலும் கூடத்து ஜாஸ்தான். எந்தச் சான்றிதழும் தேவையில்லாதவர்கள்கூடக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு டோக்கன் எடுத்தார்கள். வேலை வேகமாக நடந்தால் ஆள் குறைந்து இசை கெடும் என்பதால், கவுண்டர்கள் நிதானமாக இயங்க வேண்டுமெனச் சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் அதற்கு முழு ஒத்துழைப்பு நல்கினார்கள். பொதுமக்கள் கோபப்படுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இருமியவருக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். சான்றிதழ் தயாராகியும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பின்வரிசை அம்மாள் புது உடுப்பில் வந்து, வெந்நீரில் தொண்டையை நனைத்துக்கொண்டு, “எப்பதான்யா” என்பதை மூன்று விதமாக இழுத்தாள்.

மாதக் கடைசி நாளில் தற்காலிகத்தின் கையில் நிரந்தர ஆணை வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடியில் ஒரு நிபந்தனை இருந்தது: அன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் தன் இருப்பிடச் சான்றிதழைச் சமர்ப்பிக்க வேண்டும், தவறினால் ஆணை தானாகவே ரத்து. இருப்பிடச் சான்றிதழ் கொடுப்பது இதே அலுவலகம். எழுதி, கையெழுத்தாகி, மூன்றாம் கவுண்டரில் தயாராகவும் இருந்தது. ஆனாலும் பாரபட்சம் கூடாதென்பதால் அவரையும் டோக்கன் எடுத்து உட்காரச் சொன்னார்கள்.

உட்கார்ந்தார். முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விசிறி காதில் விழுந்தது. முத்திரை விழுந்தது. கிறீச். இருமல். அடடா, நிஜமாகவே நடை இருக்கிறதே! கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது. அவரையும் அறியாமல் ஒரு பெருமூச்சு விட்டார். அது விசிறிக்கும் முத்திரைக்கும் நடுவே, தான் மவுஸால் தள்ளிவைத்த அதே இடத்தில், அச்சாக வந்து உட்கார்ந்தது. பக்கத்திலிருந்தவர் மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்.

கடைசியில், கவுண்டர் மூடும் நேரத்துக்கு, அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள்.

எழுந்திருக்கப் போன தற்காலிகம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்ட கையோடு எழுந்தால் கோட்டின் மேல் விழும். கொஞ்சம், மிகக் கொஞ்சம், பின்னால் தள்ளி எழுந்தால்தான் சரியாக இருக்கும். அந்தக் கொஞ்சத்துக்காகக் காத்தார். கவுண்டரின் ஷட்டர் ‘தடால்’ என்று இறங்கியது.

என்ன ஒரு முடிப்பு! கூடமே எழுந்து கைதட்டியது. வருகைப் பதிவு அதிகாரிகூட ஷட்டருக்குப் பின்னாலிருந்து தட்டினார்.

வெளியே வந்ததும் மனைவியின் போன் வந்தது. “கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாங்க.”

“வாங்கிட்டீங்களா?”

“இல்ல” என்றார் தற்காலிகம். “உடனே எழுந்து போயிருந்தா நல்லா இருந்திருக்காது.”

மறுமுனையில் சத்தமே இல்லை. குழு ஒப்புதல் அளித்த இசையைப் போலவே அதிலும் யாராலும் ஒரு குறை சொல்ல முடியாது.