எலுமிச்சைத் தோலும் முதல் கேனும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது, அந்தச் சுகத்தைக் கெடுத்தவனே நான்தானே. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், ஏற்காவிட்டாலும் பரவாயில்லை.

பால் சங்கத்தில் பதினாறு கேனையும் தனித்தனியாகக் காய்ச்சிச் சோதித்தால் லாரி கிளம்பிவிடும். அதனால் எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து ஒன்றாகக் காய்ச்சுவேன். திரியவில்லை என்றால் அத்தனையும் நல்ல பால். திரிந்தால் முதல் எட்டை மட்டும் காய்ச்சுவேன். அதுவும் திரிந்தால் கோளாறு அங்கேதான், மிச்சம் எட்டைத் தொடவே வேண்டாம் என்று நாலு, இரண்டு, ஒன்று என இறங்கிவிடுவேன். இந்த யுக்தியைப் பற்றி உங்களிடமே எத்தனை முறை பீற்றியிருக்கிறேன். இன்று காலை காய்ச்சியதெல்லாம் திரிந்து, கடைசியில் வந்து நின்றது முதல் கேன். மரியாதைக்காக நான் எப்போதும் முதலில் வைப்பது உங்கள் கேனைத்தான். எல்லாரும் பார்க்க அதைச் சாக்கடையில் கவிழ்த்தேன்.

சாயங்காலம் மகள் போனில், "அப்பா, கேனைக் கழுவினது நான்தான். இங்க யாரும் ஒண்ணும் சொல்லலை, ஆனா எல்லாரும் என்னையே பாக்கறாங்க" என்றாள். "சோதனை பொய் சொல்லாதும்மா" என்றேன் நான். போனை வைத்ததும், டீ போடலாம் என்று என் மனைவி நான் சங்கத்திலிருந்து கொண்டுவந்த அதே பாத்திரத்தில் எங்கள் வீட்டுப் பாலைக் காய்ச்ச, அதுவும் திரிந்தது. "என்னத்தைப் போட்டுக் கழுவினீங்க?" என்றாள். இன்றைக்குப் புதிதாக, ஒவ்வொரு முறை காய்ச்சும் முன்னும் பின்னும் சுத்தமாக இருக்கட்டுமே என்று பாத்திரத்தை எலுமிச்சைத் தோலால் அழுந்தத் தேய்த்திருந்தேன். அலசவில்லை, அலசினால் நேரமாகுமே. "அப்ப மிச்சக் கேனைக் காய்ச்சியிருந்தா அதுவும்தான் திரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் டீ குடிக்காமலே படுத்துவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

நாளைக் காலை சங்கத்தில் எல்லார் முன்னாலும் தப்பை ஒப்புக்கொண்டு மகளின் பேரைக் காப்பாற்றிவிடுகிறேன். இது சத்தியம். மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் என் ஆசிகள்.

உங்கள் முன் தலைகுனிந்து நிற்கும்,
சம்பந்தி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். எழுந்து நின்றேன். எல்லாரும் என்னையே பார்த்ததும் எலுமிச்சை விஷயத்தை விழுங்கிவிட்டேன். "சம்பந்தி வீட்ல இப்ப கேனை நல்லாக் கழுவறாங்க, இனிமே பயமில்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். உங்கள் கேனைப் பிடித்தபடி மகள் பின்னால் நின்றிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அவள் அழவில்லை. "அப்பா, இனிமே எங்க கேனைக் கடைசியில வெச்சிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.