வெள்ளைக் கோட்டும் கறையக்காவும்

மருதாணி ஒரே ஒரு சொட்டுத்தான் விழுந்தது. ஆனால் விழுந்த இடம் சரியில்லை. அது விடுதி மேனேஜரின் வெள்ளைக் கோட்டு. அதிலும் கழுத்துப் பட்டை. அதிலும் நட்ட நடுவில்.

தலையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு கோட்டின் மேல் குனிந்திருந்த கறையக்கா, அந்தச் சொட்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு பக்கத்து மேசையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரனைப் பார்த்தாள்.

"நீ எதையும் பாக்கல," என்றாள்.

"நான் எதையும் பாக்கலக்கா," என்றான் அவன். "மருதாணிதானே அது?"

கறையக்கா என்பது தெரு வைத்த பெயர். அவள் சலவைக் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மை, துரு, கிரீஸ், லிப்ஸ்டிக் என்று எதைக் கொண்டு வந்தாலும் துணியை மூக்கருகே வைத்து ஒரே இழுப்பு இழுப்பாள். இன்ன கறை, இன்ன கிழமை பட்டது என்று சொல்லிவிடுவாள். கிழமை விஷயத்தில் தப்பு நேர்ந்திருக்கலாம். அதை இதுவரை யாரும் சரிபார்த்ததில்லை.

கோட்டு வந்தது மூன்று நாளைக்கு முன்னால். தெரு முனையில் இருக்கும் தங்கும் விடுதியின் மேனேஜரே நேரில் கொண்டு வந்தார். ஐம்பத்தெட்டு வயசு. தலையில் ஒரு நரை கிடையாது. அவருடைய அப்பாவுக்கும் கடைசி வரை அப்படித்தான் இருந்ததாம், கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

"எங்க விடுதித் துணியெல்லாம் உங்ககிட்டதான் வருது. இந்த வருஷம் எதிர்க்கடைக்குக் குடுக்கலாம்னு மேலிடத்துல ஒரு பேச்சு இருக்கும்மா. அவங்க புது மெஷின் போட்டிருக்காங்க. உங்களது கொஞ்சம் வயசான கடைன்னு சொல்றாங்க," என்றார்.

"யாரு, கடைக்கா சார் வயசாச்சு?"

"நான் சொல்லல, மேலிடம் சொல்லுது. இந்தக் கோட்டுல கழுத்துகிட்ட ஒரு கறை இருக்கு. என்ன கறைன்னு நான் சொல்ல மாட்டேன். எதிர்க்கடையில என்ன பண்றாங்கன்னு பாத்துட்டேன். நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கறேன். புதன்கிழமை அஞ்சு மணிக்கு வரேன்."

அவர் படியிறங்கியதும் கறையக்கா கோட்டை மோந்து பார்த்தாள். "டீ," என்றாள்.

"ஏதோ இலை வாசனை மாதிரி வருதேக்கா," என்றான் இஸ்திரிக்காரன்.

"டீ என்ன, கிழங்கா? அதுவும் இலைதான். உன் வேலையப் பாரு."

டீயோ என்னவோ, இரண்டு நாள் ஊறப் போட்டு, வெயிலில் காட்டி, மறுபடி ஊறப் போட்டுக் கறையை ஓட்டிவிட்டாள். கோட்டு பால் போல வெளுத்துவிட்டது. அவளுக்கு மனசில் நின்றது கறை இல்லை. வயசான கடை என்ற அந்த வார்த்தைதான். அவர் அதைச் சொன்னபோது அவர் கண் தன் வகிட்டில் நின்றதாக அவளுக்கு ஒரு சந்தேகம். எதிர்க்கடைக்காரன் முப்பது வயசுப் பையன். இறுக்கமான சட்டை, தலை நிறைய முடி. விடுதி கைவிட்டுப் போனால் இங்கே இருக்கிற இரண்டு இஸ்திரிப் பெட்டியில் ஒன்று ஆறிவிடும். அப்புறம் இஸ்திரிக்காரனை என்ன சொல்லி வீட்டுக்கு அனுப்புவது? பதினெட்டு வருஷமாக அந்த மேசைக்கு முன்னால் நிற்கிறவன்.

அதனால் புதன்கிழமை மேனேஜர் வரும்போது வகிட்டில் ஒரு வெள்ளை முடிகூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். கடையில் விற்கும் சாயம் அவளுக்கு ஆகாது, அரித்துத் தள்ளிவிடும். மருதாணிதான் சரி. அதையும் வீட்டில் போட முடியாது. மாடியில் ஓரகத்தி இருக்கிறாள், அவளுக்குக் கண் மட்டும்தான் வேலை. ஆகவே இரும்புச் சட்டியில் டீத் தண்ணீர் விட்டு இரவே குழைத்து வைத்த மருதாணி, காலையில் கடைக்கு வந்து சேர்ந்தது. பன்னிரண்டரை மணிக்குப் பின்கட்டில் உட்கார்ந்து தலை முழுக்க அப்பிக்கொண்டாள்.

அதோடு சும்மா இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. தன் கைவேலையைக் கடைசியாக ஒரு தடவை ரசித்துப் பார்க்கலாமே என்று கோட்டை எடுத்து விரித்தாள். குனிந்தாள். உறையின் ஓரம் வழியாக மருதாணி இறங்கியது.

"பதறாதே," என்றாள் இஸ்திரிக்காரனிடம்.

"நான் பதறலையேக்கா."

"இதெல்லாம் எனக்கு ஒரு கறையா?"

பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றினாள். சொட்டு போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு ஆரஞ்சு நிறம் மட்டும் உட்கார்ந்திருந்தது. கறையக்கா கொஞ்சமும் கலங்காமல் எலுமிச்சம்பழத்தை வெட்டிப் பிழிந்து தேய்த்தாள். துருவே ஓடிப்போகும் வைத்தியம் அது.

ஆரஞ்சு செங்கல் நிறமானது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? மருதாணி நல்லாப் புடிக்கணும்னு காலைல அதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சது நீங்கதானே?"

கறையக்கா கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள். "காலைலேயே ஞாபகப்படுத்தறதுக்கு என்ன?" என்றாள்.

"காலைல நீங்க கோட்டுல பிழியலையேக்கா."

அடுத்தது ஆவி. சூடான ஆவியில் பிடித்தால் கறை இளகி மேலே வரும், துணியால் ஒற்றி எடுத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. இளகியது என்னவோ உண்மை. ஆனால் இளகியது கோட்டில் இருந்த கறை அல்ல, தலையில் இருந்த மருதாணி. ஆவி முகத்தில் அடித்ததும் உறைக்குள் வியர்த்து, கழுத்துப் பட்டையில் பட் பட் என்று இன்னும் நான்கு சொட்டு விழுந்தது. அதே ஆவியில் அதுவும் சுடச்சுடப் பிடித்துக்கொண்டது.

"இப்ப அஞ்சு," என்றான் இஸ்திரிக்காரன்.

"எண்ணச் சொன்னேனா?"

முதலில் தலையில் இருக்கும் மருதாணியை ஒழிக்க வேண்டும் என்று கறையக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்க் குழாயடியில் தலையை அலசினாள். மூன்று மணி நேரம் ஊறினால்தான் நரை கறுக்கும், ஒரு மணி நேரம்கூட ஊறவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். கருப்பு முடி எல்லாம் கருப்பாகவே இருந்தது. வெள்ளை முடி மட்டும் ஒவ்வொன்றாகத் தனித்தனியே தீப்பிடித்தது போல எரிந்தது. இதுவரை அவளுக்கு எத்தனை நரை என்று ஓரகத்திக்கு ஒரு குத்துமதிப்புத்தான் இருந்தது. இனி விளக்கில்லாமலே எண்ணிக்கொள்ளலாம்.

பீரோவில் இருந்த நீலத் துணியை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டினாள். "கறை முதல்ல. தலை அப்புறம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். தைரியம் ஒரு இழைகூடக் குறையவில்லை, அவள் அப்படிப்பட்டவள்தான்.

வெளுப்புத் தூளைக் குழைத்து ஐந்து சொட்டின் மேலும் வைத்தாள். கால் மணியில் எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு சொட்டும் நடுவில் மஞ்சளாகி, சுற்றிலும் செங்கல் நிறத்தில் கரை கட்டியிருந்தது.

"பொரிச்ச முட்டை மாதிரி இருக்குக்கா," என்றான் இஸ்திரிக்காரன்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மேனேஜர்தான். "அஞ்சு மணிக்கு ஒரு கூட்டம் இருக்கும்மா. மூணு மணிக்கே வந்துடறேன். கோட்டு ரெடியா?"

"ரெடி சார். தாராளமா வாங்க," என்றாள் கறையக்கா. வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது.

"ரெடின்னா சொன்னீங்க?"

"பின்ன, பொரிச்ச முட்டைன்னா சொல்றது?"

இஸ்திரிக்காரன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அவன் குரல் முதல் தடவையாக இறங்கியது. "அக்கா, விடுதி போனா போகட்டும். நான் வேற எடம் பாத்துக்குவேன். நீங்க அதுக்காக மனச விட்டுடாதீங்க."

கறையக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நேரம் வராத பயம் அந்த ஒரு பேச்சில் வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கழுத்துப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் இரும்புச் சட்டியைப் பார்த்தாள். அதில் பாதி மருதாணி மிச்சம் இருந்தது.

"கறைன்னா என்னடா?" என்று கேட்டாள்.

"என்னக்கா?"

"ஒரு எடத்துல இருந்தாத்தான் கறை. எல்லா எடத்துலயும் இருந்தா அது கலர். பிரஷ்ஷ எடு."

"அக்கா, வேணாங்க்கா."

"எடுன்னா எடு."

பட்டை முழுவதையும், உள்ளும் புறமும், ஓரம் பிசகாமல் மருதாணியால் பூசினாள். இன்னொரு எலுமிச்சம்பழத்தை மனசாரப் பிழிந்தாள். ஆவியில் பிடித்தாள், அலசினாள், காற்றாடிக்கு நேராகக் காய வைத்தாள். இதுவரை காலை வாரிய வைத்தியம் எல்லாம் இப்போது ஒன்றுகூடி அவளுக்கு வேலை செய்தது. மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இஸ்திரிக்காரன் தேய்த்து நிமிர்த்தினான். பால் வெள்ளைக் கோட்டு. தேக்கு நிறத்தில் கழுத்துப் பட்டை. தையல்காரன் வேண்டுமென்றே வைத்தது போலத்தான் இருந்தது.

"யாராவது கேட்டா, புது மோஸ்தர்," என்றாள்.

மேனேஜர் வந்தார். எதிர்க்கடைப் பையன் கையைக் கட்டிக்கொண்டு தன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான். கறையக்கா தலைத் துணியை ஒரு தடவை சரிசெய்துகொண்டு, நிமிர்ந்த முதுகோடு கோட்டை எடுத்து நீட்டினாள்.

அவர் விரித்தார். பார்த்தார். முகத்தில் இருந்த ரத்தம் எங்கேயோ போய்விட்டது. விரலால் பட்டையைத் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கோட்டை அவசரமாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, "தம்பி, நீ கொஞ்சம் வெளியில இருப்பா," என்றார் இஸ்திரிக்காரனிடம். அவன் போனதும், தெருப் பக்கத்துத் திரையைத் தானே இழுத்து மூடினார்.

நல்ல மனுஷன், நாலு பேருக்கு நடுவில் வைத்துத் திட்ட வேண்டாம் என்று நினைக்கிறார் என்று கறையக்கா நினைத்துக்கொண்டாள்.

"இது... மருதாணிதானே?" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் கறையக்கா கறை விஷயத்தில் தப்பாகச் சொல்லியிருக்கலாம்; பொய் சொன்னது கிடையாது. புது மோஸ்தர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "ஆமா சார். மருதாணிதான்," என்றாள். எல்லாவற்றையும் காட்டிச் சொல்லிவிடலாம் என்று தலைத் துணியின் முடிச்சில் கை வைத்தாள்.

"இருங்கம்மா, நான் பேசிடறேன். எதிர்க்கடைப் பையன் இதே எடத்துல மூணு தடவை கறைய எடுத்தான். ஒரே வாரத்துல மறுபடி வந்துடும். ஒவ்வொரு தடவையும் 'இது என்ன கறை சார், என்ன கறை சார்'னு ஊருக்கே கேக்கற மாதிரி கேப்பான். நீங்க ஒரு வார்த்தை கேக்கல. இனிமே ஒட்டினாலும் தெரியாத மாதிரி பட்டையையே அந்தக் கலருக்கு மாத்திட்டீங்க! வீட்டுல இன்னும் பதினோரு கோட்டு இருக்கு, அதுக்கும் இதையே பண்ணிடுங்க. விடுதித் துணி எப்பவும் உங்களுக்குத்தான், மேலிடத்துகிட்ட நான் பேசிக்கறேன்."

கறையக்காவின் கை முடிச்சிலேயே நின்றது. மேனேஜர் திரையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு நரையே இல்லாத தன் தலையை அவள் பக்கமாகச் சாய்த்து, ரகசியமாகக் கேட்டார்:

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. நான் தலைக்கு மருதாணி போடறது பத்து வருஷமா என் வீட்டுக்காரிக்கே தெரியாது. கோட்ட மோந்து பாத்தே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"