பதினொரு பக்கக் கடிதமும் ஒரு மடக்கு நாற்காலியும்

ஒரு நிமிடம் நாற்பது விநாடி. வெள்ளிக்கிழமைக் கூடைப்பந்து ஆட்டத்தில் என் மகள் சோல்வெய்க் களத்தில் இருந்த மொத்த நேரம் அவ்வளவே. மீதி நேரமெல்லாம் ஓரத்துப் பலகையில் அமர்ந்து, ஆடிக் களைத்தவர்களுக்குத் தண்ணீர்ப் புட்டி நீட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுக்கவா பத்தாம் வகுப்பு வரை வளர்த்தேன்?

முப்பத்துநான்கு ஆண்டுகள் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து இந்த ஊரில் இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பிழையைக் கண்டால் திருத்தாமல் உறங்க முடியாது. ஆட்டம் முடிந்த ஊதல் ஒலித்ததும் எழுந்தேன். பயிற்சியாளர் ஜனெல் புருயிட்டை அங்கேயே, அப்போதே, அனைவர் முன்னிலையிலும் கேட்டுவிடுவது என்று முடிவுசெய்தேன்.

மேலங்கியைப் பின்னாலிருந்து ஒரு கை பற்றி இழுத்தது. மார்லிஸ். என் மனைவி.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நியாயம் கேக்க."

"நாளைக்கு இதே நேரத்துக்குக் கேளுங்க. மணி எட்டு பத்து. ஞாபகம் வச்சுக்குங்க."

ஆட்டம் முடிந்து இருபத்துநான்கு மணி நேரம் கழியும்வரை பெற்றோர் எவரும் பயிற்சியாளரிடம் வாய் திறக்கலாகாது என்பது பள்ளியின் விதி. ஆட்டப் பருவத் தொடக்கத்தில் நாங்கள் எல்லாரும் கையெழுத்திட்டிருந்தோம்.

"கோபம் ஆறட்டும்னுதானே அந்த விதி? என் கோபம் ஆறாது மார்லிஸ்!"

"தெரியும். அதான் நாப்பத்தெட்டு மணி நேரமா மாத்துங்கன்னு கூட்டத்துல நான் மட்டும் கையைத் தூக்கினேன்."

வீடு திரும்பும் வழியில் காரின் பின்னிருக்கையிலிருந்து சோல்வெய்க் முனகினாள்.

"அப்பா, நானே பேசிக்கிறேன்ப்பா. எவ்வளவு நேரம் ஆட விடறாங்கங்கிறதை ஆடற பொண்ணுதான் கேக்கணும். நீங்க வந்து நின்னா என் மானமே போயிடும்."

"நீ என்னன்னு கேப்பே?"

"'நான் எதைச் சரி பண்ணணும்?'னு கேப்பேன்."

ஒரே வாக்கியம்! என் இரத்தம் கொதித்தது. இவ்வளவு பெரிய அநீதிக்கு ஒரே வாக்கியமா? சனிக்கிழமை காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதினேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மார்லிஸுக்கு உரக்கப் படித்தும் காட்டினேன்.

"பிரமாதம்," என்றாள். "ஆனா ஒரு சந்தேகம். 'மற்றப் பெண்கள் பலமுறை பந்தைக் கோட்டைவிட்டனர்'னு எழுதியிருக்கீங்க. எத்தனை முறை?"

"பலமுறை."

"அதான் எத்தனை?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"உங்க வகுப்புல ஒருத்தன் இப்படி எழுதியிருந்தா எவ்வளவு மார்க் போட்டிருப்பீங்க?"

"மார்க்கா? தாளையே திருப்பிக் கொடுத்திருப்பேன்."

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆதாரத்தோட போங்க. செவ்வாய்க்கிழமை ஆட்டத்துல மேசையில உக்காந்து ஸ்கோர் எழுத ஆள் இல்லையாம். இத்தனை வருஷம் எழுதின ஆர்விலுக்கு முட்டி வலியாம், பாவம். அங்க உக்காந்தா யார் என்ன பண்றாங்கன்னு கண்ணு முன்னாலயே தெரியும்."

எதிரியின் கோட்டைக்குள்ளேயே எனக்கொரு நாற்காலி! இதன் அருமை தெரியாமல் என் கையில் கொடுக்கிறாளே என்று உள்ளுக்குள் சிரித்தேன். எட்டு மணி பத்து நிமிடம் வந்தது, போனது. நான் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்தேன்.

மேசையருகே கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையொன்று மடக்கு நாற்காலியில் எனக்காகக் காத்திருந்தது. மிகச் சரியாக என் அளவு. அப்போதாவது நான் ஐயப்பட்டிருக்க வேண்டும். நடுவர் குனிந்து பேசினார்.

"சார், இங்க உக்காந்தா கை தட்டக் கூடாது. கத்தக் கூடாது. பொண்ணுங்க ஆடறதைப் பத்திப் பயிற்சியாளர்கிட்ட மூச்சு விடக் கூடாது."

"ஆட்டம் முடியறவரைக்கும்தானே?"

"பருவம் முடியறவரைக்கும், சார். முழுப் பருவத்துக்கும்தானே உங்க பேரைக் குடுத்திருக்காங்க?"

"யார் குடுத்தது?"

அவர் மூன்றாம் வரிசையைக் காட்டினார். மார்லிஸ் சோளப்பொரிப் பொட்டலத்தை உயர்த்தி எனக்கு ஆட்டினாள்.

அக்கிரமம் என்று எழுந்து கத்தியிருப்பேன். கத்தக் கூடாதே!

இரண்டாம் கால்பகுதியில் சோல்வெய்க் களமிறங்கினாள். திங்கட்கிழமையே அவள் தன் ஒரே வாக்கியத்தைக் கேட்டுவிட்டாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எதிராளி இடப்பக்கம் வெட்டி ஓடும்போது நின்றுவிடுகிறாய், அதைச் சரிசெய் என்றாராம் பயிற்சியாளர். திங்கள் மாலையே இருவருமாக அதைப் பயிற்சி செய்தார்களாம். இந்த ஆட்டத்தில் அவள் நிற்கவில்லை. இடப்பக்கம் பாய்ந்து பந்தைப் பறித்தாள், ஓடினாள், எறிந்தாள். பந்து வளையத்தை இருமுறை சுற்றி உள்ளே விழுந்தது.

நான் பாதி எழுந்தேன். நடுவர் திரும்பினார். உட்கார்ந்தேன். அவள் பெயருக்கு நேரே '2' என்று எழுதினேன். அது கோணலாக விழுந்தது. என் பங்குக்கும் சேர்த்து மார்லிஸ் கத்தியதில் அரங்கே அதிர்ந்தது.

மொத்தம் பதினொரு நிமிடம் ஆடினாள். என் கடிதத்தின் பக்கத்துக்கு ஒரு நிமிடம். கடிதமோ என் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஆர்வில் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார்.

"முட்டி வலின்னாங்களே?" என்றேன்.

"யாருக்கு, எனக்கா? நாலு வருஷம் முன்னாடி நானும் பயிற்சியாளரை உண்டு இல்லைன்னு பண்ணக் கிளம்பினவன்தான் சார். என் வீட்டுக்காரி இந்த நாற்காலியில உக்கார வச்சா. போன வசந்தத்துல என் பொண்ணு பள்ளிப் படிப்பை முடிச்சா. இந்த வருஷம் எனக்கு விடுதலை!"

சோல்வெய்க் பள்ளிப் படிப்பை முடிக்க இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருக்கின்றன.