அளக்காமல் வளர்ந்த குழாய்

வளர்புரி என்றொரு நாடு. அங்கே தண்ணீர்க் குழாயை யாரும் செய்வதில்லை. அது தானே வளரும். தெருவிலிருந்து சுனைவரை வாய்க்கால் வெட்டி, நுங்குபோல் தெளிந்த பாகை நிரப்பி, ஒரு முனையில் ஒரே ஒரு நீல உப்புக்கல்லை வைப்பார்கள். அதிலிருந்து மெல்லிய கல்குழாய் முளைத்து, விரல் விரலாக நீண்டு சுனையைத் தொடும். மனிதர் செய்ய வேண்டியது, பாய் போட்டு மூடி, கடவுளைக் கும்பிட்டுவிட்டு விலகி நிற்பது. அசைத்தால் உடைந்துவிடும்.

அரசருக்கு இது பொறுக்கவில்லை.

"நம் உத்தரவின்றி ஒரு பொருள் வளர்வதா?"

வளர்ச்சி அமைச்சர் எழுந்தார். "மகாபிரபு, அது வளரவில்லை. தங்கள் உத்தரவுக்காகத் தயங்கி நிற்கிறது."

முதல் ஆணைப்படி, தினமும் தம்பட்டம் அடித்து, வளருமாறு குழாய்களுக்குக் கட்டளை வாசித்தார்கள். பாதி உடைந்தன. இரண்டாம் ஆணைப்படி பாகுக்குள் கோலை விட்டு வளர்ச்சியை அளந்தார்கள். மீதியும் விரிசல் கண்டன. வேகம் போதவில்லை என்று மூன்றாம் ஆணை வந்தது. கூடை கூடையாக உப்பைக் கொட்டினார்கள். புதிதாக முளைத்த குழாய்கள் உள்ளே அடைத்துத் தூண்களாயின. அமைச்சர் தட்டிப் பார்த்து, "என்ன உறுதி!" என்று மகிழ்ந்தார். தண்ணீர்தான் வரவில்லை.

கீழத்தெருக் குழாயும் உடைந்திருந்தது. அந்தத் தெருவில் குடியிருந்த குமுதவல்லி மறுபடி ஒரு கல் வைத்தாள். கோடைக்குள் அது சுனையைத் தொடாவிட்டால் தெருவே ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

மறுநாளே அளவைக்காரர் மாசிலாமணி வந்துவிட்டார். தலையில் உப்புக்கூடை, இடுப்பில் தம்பட்டம், கையில் கோல். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"பாயை எடும்மா. அரசாணை."

"எடுக்கிறேண்ணா. மொதல்ல கூடைய எறக்குங்க, கழுத்து ஒடிஞ்சிரப் போகுது."

அவளே கைகொடுத்து இறக்கினாள். பானையைச் சாய்த்து ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்த பிறகுதான் அவர் கவனித்தார், பானை காலியாகிச் சாய்ந்தே கிடந்தது.

"இது கடைசித் தண்ணியா?"

"குடிங்கண்ணா. கொழாய் வந்துட்டா நெறைய இருக்கும்."

மாசிலாமணி செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பாயைப் பார்த்தார். "நான் அளக்கலேன்னாலும் வந்துருமா?"

"அதுபாட்டுக்கு வந்துரும்."

"தம்பட்டம்?"

"அதுக்குக் காது ஏதுண்ணா? நீங்க செத்த ஒக்காருங்க."

உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு ஒரு நாளாக, தொலைவிலிருந்து சுமந்து வந்ததில் தெரு அவருக்கென்று ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து வைத்தது. 'ஆணைகள் மூன்றும் நிறைவேற்றப்பட்டன' என்று எழுதிக்கொண்டு போவார். அந்த ஒரு பொய்யைக் கடவுள் மன்னித்திருப்பார்.

பங்குனி பிறக்குமுன் தண்ணீர் வந்தது. அரசரும் வந்தார். மூன்று ஆணைகளின் வெற்றி என்று பூரித்து, மாசிலாமணிக்குப் பதக்கம் அணிவித்து, எல்லா அளவைக்காரர்களுக்கும் அவரையே ஆசிரியராக்கினார். குமுதவல்லியை யாரும் விசாரிக்கவில்லை. அவளுக்கும் அந்த நினைப்பில்லை; பானை நிரம்பிக்கொண்டிருந்தது.

மாசிலாமணி நடத்தியது ஒரே பாடம்: "எந்தத் தெருவுக்குப் போனாலும் மொதல்ல ஒரு வாய் தண்ணி கேட்டு ஒக்காருங்கப்பா. பாயத் தொடாதீங்க."

ஒரே ஆண்டில் பல தெருக்களுக்குத் தண்ணீர் வந்தது. மகிழ்ந்துபோன அரசர், மேலத்தெருவுக்கு வெட்டிய புது வாய்க்காலின் நடுவில் ஒரு கல்வெட்டு நட்டார்: 'இங்கு வளர்வன யாவும் நம் ஆணையால் வளர்வன.'

மேலத்தெருக் குழாய் வளர்ந்து வந்தது. கல்வெட்டின் அருகே வந்ததும், சத்தமில்லாமல் சற்றே வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு சுனையை நோக்கிப் போயிற்று.