ஜபாரின் கணுக்காலும் ஜெமீலாவின் நிபந்தனையும்

இந்த வருடம் பந்து விளையாடியே தீருவது என்று ஜபார் முடிவு செய்தார். முடிவு செய்ததை மனைவியிடம் சொல்வதில்லை என்றும் அதே மூச்சில் முடிவு செய்தார்.

கற்பிட்டியில் நோன்புப் பெருநாள் பின்னேரம் அவர்கள் பக்கத்து மைதானத்தில் ஒரு கால்பந்துப் போட்டி நடக்கும். ஒரு பக்கம் கலியாணம் முடித்தவர்கள், மறு பக்கம் முடிக்காதவர்கள். கிண்ணம் கிடையாது, பரிசு கிடையாது. தோற்ற பக்கம் அடுத்த பெருநாள் வரை ஊரின் கேலியைச் சுமக்க வேண்டும், அவ்வளவுதான். நாட்டில் யுத்தம் முடிந்த காலத்திலிருந்து சுமப்பது முடித்தவர்கள்தான். 'வீட்டிலேயே ஒரு நாளும் வெல்லாத ஆக்கள் மைதானத்தில் எங்கே வெல்லப் போறாங்க?' என்பது இளசுகளின் வாதம். அதற்கு இன்றுவரை யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஜபார் கடற்கரையில் கருவாடு காயப்போடும் வாடி ஒன்றின் முதலாளி. வயது நாற்பத்தெட்டு. இடுப்புச் சுற்றளவும் வயதோடு போட்டி போட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றது. முடித்தவர்கள் அணியில் அவர் பெக், பின்னால் நின்று தடுக்கிற ஆள். போன பெருநாளன்று புரியாணி வயிற்றோடு நேரே மைதானத்துக்குள் பாய்ந்து, முதல் ஓட்டத்திலேயே பின்தொடைச் சதை பிடித்துக்கொண்டு விழுந்தார். விழுந்ததோடு விட்டிருக்கலாம். கண்டவர் சொன்னதைக் கேட்டு அதே இரவில் சுடுதண்ணீர் ஊற்றி, சுட்ட எண்ணெய் போட்டு நன்றாக உருவியும் விட்டார். விடிந்தபோது தொடை பூசணிக்காயாகிவிட்டது. மாதக் கணக்கில் படுக்கை. கஞ்சி பருக்கியதும் கழிவறை வரை தோள் கொடுத்ததும் ஜெமீலா. அவர் எழுந்து நடந்த அன்று அவள் தீர்ப்புச் சொன்னாள்: இந்த வீட்டில் இனிப் பந்துக் கதையே கூடாது.

அது சீதனமாக வந்த வீடு. அதில் ஜபாருக்குச் சொந்தமானவை ஒரு றேடியோவும் ஒரு குடையும்தான். ஆகவே தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்.

ஏற்றுக்கொண்டபடியே இருந்திருப்பார். கெடுத்தவன் ஹிஸ்புல்லா. ஜெமீலாவின் தம்பி, இன்னும் முடிக்காதவன், அந்தப் பக்கத்துக் கோல் கீப்பர். ஒரு நாள் நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்தான்.

"மச்சான், இந்த முற நீங்க வேலிக்கு அங்கால நிண்டு பாருங்க. ஒங்களத் தூக்க நாலு பேர் வேணும். எங்களுக்கு ஆள் காணா."

ஜபார் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஜெமீலா சிரித்ததையும் அவர் கவனித்தார். மனிதன் எதையும் தாங்குவான், மனைவியின் தம்பி சொல்லி மனைவி சிரிப்பதை மட்டும் தாங்கமாட்டான்.

மறுநாள் விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனார். முறைப்படிதான் செய்ய நினைத்தார். பக்கத்து வீட்டு றைஸா ஆஸ்பத்திரியில் தாதி. போன வருடம் அவள் படுக்கையருகே நின்று எல்லாம் சொல்லியிருந்தாள்: முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், கைகால் நீட்டி மடக்கி உடம்பு சூடாகிய பிறகுதான் பந்து. ஜபாருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் யாரும் காண்பதற்குள் முடிக்க வேண்டுமே. உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு, ஓடி வந்து, பந்தை ஒரு உதை உதைத்தார். ஊன்றிய இடது கால் நண்டு வளைக்குள் போனது.

"யா அல்லாஹ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

கணுக்கால் பிசகிவிட்டது. வேலி வேலியாகப் பிடித்து வீட்டுக்கு வந்தார். ஜெமீலா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, காலக் கெந்திக் கெந்தி வாறீங்க?"

"கெந்தல்லயே. செருப்புக்குள்ள மண்."

"செருப்பு கைல இருக்கு."

ஜபார் கையைப் பார்த்தார். இருந்தது.

"மண் போகட்டும் எண்டுதான் கழட்டின."

"ஓ," என்றாள் அவள். விளக்குமாறு தன் வேலையைத் தொடர்ந்தது.

அறைக்குள் போய்க் காலைப் பார்த்தார். கணு இருந்த இடத்தில் பேக்கரிப் பணிஸ் ஒன்று உப்பி இருந்தது. ஜெமீலா கண்டால் பெருநாள் போட்டி போய்விடும். ஹிஸ்புல்லா கண்டால் மானமே போய்விடும். நோன்பின் கடைசிப் பத்து அன்று அந்தி மஃரிப் தொழுகையோடு தொடங்குகிறது. அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. கடைசிப் பத்து நாளும் பள்ளியிலேயே தங்கி இஃதிகாப் இருக்கலாம். வெளியே வரத் தேவையில்லை. பெண்கள் உள்ளே வரமாட்டார்கள். பிறை கண்டு வெளியே வரும்போது கால் கால்போல் இருக்கும். தன் மூளையை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

"ஜெமீலா, நான் இந்த முற இஃதிகாப் இருக்கப் போறன்."

"மாஷா அல்லாஹ். நல்ல நிய்யத்து."

"வாடிய ஹிஸ்புல்லா பாத்துக்கொள்ளட்டும்."

"பாப்பான். பள்ளிக்கு நடந்தா போறீங்க?"

"இல்ல... அவன்ட மோட்டசைக்கிள்ல."

"அதுதான் நல்லம்," என்று சொல்லி அவரது சாரங்களை மடிக்கத் தொடங்கினாள். இருபத்து மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் ஒரு மறுபேச்சும் பேசாமல் சம்மதித்தது இதுவே முதல் தடவை. ஜபார் அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் நோன்பு திறக்கும் நேரம் ஹிஸ்புல்லா சாப்பாடு கொண்டு வந்தான். கூடவே அக்கா தந்த ஒரு பொட்டலம்.

"ராத்தா ஐஸ் அனுப்பிருக்கா. சர்பத்துக்காம். துணில சுத்தித்தான் வெக்கணுமாம். ஒரு கால் மணித்தியாலத்துக்கு மேல வெச்சிக்கிட்டிருக்க வேணாமாம், கெட்டுப் போகுமாம்."

ஐஸ் எப்படிக் கெட்டுப் போகும் என்று ஜபார் கேட்கவில்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். துணியோடு கணுக்காலில் வைத்தார். சொர்க்கத்துக் காற்று வீசியது.

'பாவம், அப்பாவி. சர்பத்துக்கு எண்டு நெனச்சிக்கிட்டிருக்கா.'

அடுத்த நாள் இரண்டு தலையணைகள் வந்தன. "ஒண்டு தலைக்காம். மத்தது தலைக்குச் சரி வராதாம், கால்மாட்டுல போட்டுக்கங்களாம்." ஜபார் காலை உயர்த்திப் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த நாள் சாப்பாட்டுக் கெரியரைச் சுற்றி நீளமான இழுபடும் பட்டித்துணி ஒன்று கட்டியிருந்தது. "மூடி கழண்டு விழாம இருக்கக் கட்டினவாம். திருப்பி அனுப்பத் தேவல்லயாம்." கணுக்காலுக்கென்றே அளவெடுத்ததுபோல் அது இருந்தது. வடிவாகச் சுற்றிக்கொண்டார்.

அன்று இரவு, கூட இஃதிகாப் இருந்த ஒருவர் ஜபாரின் காலைக் கண்டுவிட்டார். நல்ல மனிதர். சூடாக எண்ணெய் போட்டு ஒரு இழுவை இழுத்தால் எலும்பு தன் இடத்தில் உட்காரும் என்றார். ஜபாருக்கும் ஆசைதான். மறுநாள் எண்ணெய்ப் போத்தல் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஹிஸ்புல்லாவும் வந்தான்.

"மச்சான், ராத்தா சொன்னா, பள்ளில யாரும் எண்ணெ தடவிவிட வந்தா வேணாம் எண்டு சொல்லுங்களாம். பாய் அழுக்காகிப் போகுமாம்."

பள்ளிப் பாயின் சுத்தத்தில் ஜெமீலாவுக்கு இருந்த அக்கறையை எண்ணி ஜபார் நெகிழ்ந்தார். போத்தல் திரும்பிப் போனது.

வீக்கம் வற்றிய பிறகு வந்த செய்திதான் கொஞ்சம் விசித்திரமானது. கடைக்குட்டி மகள் மர்ளியாவுக்கு எழுத்து மண்டையில் ஏறுகுதில்லையாம். வாப்பா கால் பெருவிரலால் காற்றில் 'அ', 'ஆ' எழுதிக் காட்டினால் சிரித்துச் சிரித்துப் படிப்பாளாம். ஆகவே வாப்பா இப்போதே எழுதிப் பழக வேண்டுமாம். ஜபார் சுவரில் சாய்ந்து காலை நீட்டி எழுதினார். 'அ' சுலபம். 'இ' எழுதும்போது நரம்பு சுள்ளென்றது. 'ஔ' முடிவதற்குள் வியர்த்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் கணுக்கால் இலகுவாகிக்கொண்டு வந்தது. பிள்ளைப் பாசத்துக்கு இவ்வளவு சக்தியா என்று அவர் வியந்தார்.

கஷ்டம் இரவில் நெடுநேரம் நீளும் தராவீஹ் தொழுகையில்தான். நிற்க முடியவில்லை. கடைசி வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்து தொழுதார். முடித்தவர்கள் அணித் தலைவர் நளீம் ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது கண்டுவிட்டார்.

"என்ன ஜபார் நானா, கதிரைல? கதிரைல தொழுற ஆள நான் எப்பிடி டீம்ல போடுற?"

"பெருநாளைக்கு முந்தி நிண்டு தொழுது காட்றன், பாரு."

அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாரும் மறுமையை நினைத்து அழுகிறார்கள், தான் மட்டும் கணுக்காலை நினைத்துக்கொண்டு அல்லாஹ்வின் வீட்டில் படுத்திருக்கிறோமே என்று உண்மையாகவே வெட்கப்பட்டார். எழுந்து முகம் கைகால் கழுவி ஒழுச் செய்து நிய்யத்தைத் திருத்திக்கொண்டார். கேட்ட துஆவில் கடைசி வரி மட்டும் பந்தைப் பற்றியது. இருபத்தேழாம் இரவு நின்று தொழுதார்.

பிறை கண்டது. பெருநாள் தொழுகை முடிந்து, புதுச் சாரமும் அத்தரும் மணக்க ஜபார் வீட்டுக்கு வந்தார். ஜெமீலா பெருநாள் இனிப்பான வட்டிலாப்பத்தை நீட்டினாள்.

"கால் எப்பிடி?"

"எந்தக் கால்?"

"இடது கால்."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"நீங்க கடற்கரைல கத்தின சத்தம் சோளகக் காத்தோட நேரா அடுக்களைக்கு வந்திச்சு. ஸஹருக்குச் சாப்பிட்ட கோப்ப கழுவிக்கிட்டிருந்த நான் கையால விட்டு ஒடச்சிட்டன்."

"அப்ப... அந்த ஐஸ்?"

"றைஸா சொன்ன."

"தலகாணி? பட்டித்துணி?"

"றைஸா."

"எண்ணெ தடவ வேணாம் எண்டது?"

"அது போன வருஷம் நான் பட்டது."

"மர்ளியாட எழுத்து?"

"அவளுக்கு எழுத்தெல்லாம் நல்லா வரும். அது கணுக்காலுக்குப் பயிற்சி."

ஜபாருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"தெரிஞ்சா அண்டைக்கே கேக்கிறதுதானே?"

"கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? ஒண்டுமில்ல எண்டு காட்ட வாடிக்கு ஓடியிருப்பீங்க. அங்க யாரயாவது புடிச்சி உருவ விட்டிருப்பீங்க. பள்ளில நாலு பேர் கண்ணுக்கு முன்னால அடக்கமா இருந்தீங்க." அவள் குரல் சட்டென்று இறங்கியது. "போன வருஷம் ஒங்களத் தூக்கி இருத்துற நேரமெல்லாம் நான் பயந்து செத்தன். இந்த மனிசன் இனி நடக்கவே மாட்டாரோ எண்டு. ஒங்களுக்கு அது பந்து. எனக்கு நீங்கதானே."

ஜபாரின் நெஞ்சு இளகிவிட்டது. இனி விளையாடமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். நல்ல வேளையாக வட்டிலாப்பம் வாயில் இருந்தது.

"விளையாட வேணாம் எண்டு நான் சொல்லமாட்டன்," என்றாள் ஜெமீலா. "சொன்னாக் களவாப் போவீங்க. ஒரே ஒரு கதை. நீங்க ஒரு கோல் போடுற வரைக்கும் வருஷா வருஷம் விளையாடுங்க. கோல் போட்ட அண்டைக்கு நிப்பாட்டணும். சம்மதமா?"

ஜபார் முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டார். உள்ளே குதித்தார். மீசை முளைத்த நாளிலிருந்து அவர் பெக். நடுக்கோட்டைத் தாண்டியதாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. கோல் போடுவதாவது! மையித்தாகி மண்ணுக்குள் போகும் வரை விளையாடலாம். இதுகூட விளங்காத பெண்ணோடு எப்படித்தான் குடும்பம் நடத்தினோமோ என்று இரக்கப்பட்டார்.

"நீ இவ்வளவு சொல்ற நேரம் நான் என்னண்டு மறுக்கிற? வாக்குத் தந்தன்."

பின்னேரம் மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. மதிலோரம் பெண்கள். ஜபார் இந்த முறை எதையும் விடவில்லை. மதியம் அரை வயிறு. பூட்ஸைக் கட்டிக்கொண்டு நடந்தார், மெல்ல ஓடினார், காலை நீட்டினார், கணுக்காலைச் சுழற்றினார். நளீமும் மற்றவர்களும் புரியாணி ஏப்பத்தோடு பார்த்துச் சிரித்தார்கள்.

இடைவேளைக்குள் அந்தச் சிரிப்பு நின்றது. ஒருவருக்குக் கெண்டைச் சதை பிடித்தது. இன்னொருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். நளீம் தொடையைப் பிடித்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நடுவில் ஒரு வடிவத்தில் இருந்தார். முடிக்காதவர்கள் நாலு கோல். முடித்தவர்கள் ஒன்றுமில்லை. ஓடக்கூடியவராக மிஞ்சியது ஜபார்தான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து அவர் காலுக்கு வந்தது. முன்னால் ஒருவன் பாய்ந்து வந்து, சறுக்கி, பந்தில்லாத பக்கம் போனான். ஜபார் நடுக்கோட்டைத் தாண்டினார். அந்தப் பக்கத்துப் புல் எப்படியிருக்கும் என்று அன்றுதான் கண்டார். இன்னொருவன் வந்தான். ஜபார் இடது காலால் ஒரு வெட்டு வெட்டினார், அவன் தானாகவே விழுந்தான். இருந்த இரண்டு பெக்கும் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள். அல்லாஹ்வே, இவ்வளவு திறமையையும் இத்தனை காலம் எங்கே வைத்திருந்தோம்!

முன்னால் ஹிஸ்புல்லாவும் கோலும் மட்டும். அப்போதுதான் வாக்கு நினைவுக்கு வந்தது. பந்தை வெளியே தட்டிவிடலாம். அடுத்த வருடமும் விளையாடலாம். ஆனால் மதிலோரமும் மைதானமும் சேர்ந்து "அடிங்க, ஜபார் நானா! அடிங்க!" என்று கத்துகிறது. எந்த ஆண்பிள்ளைக்கு அந்த நேரம் அடுத்த வருடம் கண்ணுக்குத் தெரியும்? அடித்தார். ஹிஸ்புல்லா வலப்பக்கம் பாய்ந்தான். பந்து இடப்பக்கத்தால் மெதுவாக உருண்டு உள்ளே போனது.

ஊர் அதிர்ந்தது. ஜபார் இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார். கண்ணீர் வந்தது. நாற்பத்தெட்டு வயதில் முதல் கோல். அதுவும் மச்சானுக்கு!

தரையில் கிடந்த ஹிஸ்புல்லா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு கிட்ட வந்தான்.

"மச்சான், பூட்ஸக் கழட்டித் தாங்க. கோல் போட்ட ஒடன வாங்கிட்டு வரச்சொல்லி ராத்தா காலையிலேயே சொல்லிட்டா."