பட்டாளம் மாமாவின் தீபாவளி

பட்டாளத்தில் சேராமலே ராணுவத்தை அதிகம் படுத்தியவர் யார் என்று அகில இந்தியப் போட்டி வைத்தால், திருவனந்தபுரம் வலியசாலை பட்டாளம் மாமாவுக்குத்தான் முதல் பரிசு. சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா வைத்தி யுத்தத்துக்கு லாரி ஓட்டப் போய், பர்மா எல்லையோடு காணாமல் போனார். செத்தார் என்றும் தகவல் இல்லை, பிழைத்தார் என்றும் இல்லை. திதி தெரியாமல் எப்படித் திவசம் செய்வது? மாமா தேட ஆரம்பித்தார்.

பாங்கோடு ராணுவ முகாம் பக்கம் லாரி தென்பட்டால் போதும், சைக்கிளைக் குறுக்கே விட்டு நிறுத்திவிடுவார். "எங்கப்பாவும் உங்க டிபார்ட்மென்ட்தான். வைத்தின்னு பேரு, கேட்டிட்டுண்டோ?" மீசை முளைக்காத பஞ்சாபி டிரைவர் மிரண்டுபோய் சல்யூட் அடிப்பான்.

மாமாவின் அம்மா எழுபது வயதிலும் பூவும் குங்குமமுமாக இருந்தாள். யாராவது முணுமுணுத்தால், "லாரி எங்கயாவது ரிப்பேராயிருக்கும்டீ" என்பாள். தெருவே சிரித்தது. அடுத்த வீட்டுப் பையன் நானும்தான்.

கடைசியில் துப்பு மலையடிவாரத்து ஊரான வித்துராவில் கிடைத்தது. வைத்தியோடு லாரி ஓட்டிய ஒருவர் ஊர் திரும்பி, எஸ்டேட் டிரைவராக இருந்து இறந்திருந்தார். மாமா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அந்த டிரைவரின் மகன் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"எங்க அச்சன் சாகறவரைக்கும் தீபாவளி கொண்டாடல கேட்டோ. ஒரு தீபாவளி விடியக்காலம், மலைப்பாதையில முன்னால போன லாரி பள்ளத்துல உருண்டுடுச்சாம். ஓட்டினது திருவனந்தபுரத்து வைத்தி சாமின்னு சொல்லிச் சொல்லி அழுவாரு."

திதி கிடைத்துவிட்டது. அன்றே வீடு திரும்பினோம். வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"ஏதாவது தெரிஞ்சுதாடா?"

"இல்லேம்மா. அது வேற வைத்தி."

சொல்லிக்கொண்டே என் கையை நறுக்கென்று கிள்ளினார். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அடுத்து வந்தது தீபாவளி. அப்பாவின் திதியன்று பிள்ளை எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கூடாது. மாட்டேன் என்று சொன்னாலோ அம்மாவின் குங்குமம் அன்றே அழிந்துவிடும். நான் தீபாவளி மருந்தோடு போனபோது, மாமா மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்திருந்தார். "அடுத்த வருஷம் அப்பா வந்து வெப்பார்" என்றபடி அம்மா உச்சந்தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். மாமாவின் கண்களில் தாரை தாரையாக நீர்.

"சீயக்காய் கண்ணுல பட்டுடுத்துடா" என்றார் என்னிடம்.

சீயக்காயை இன்னும் யாரும் கரைக்கவே இல்லை. "ஆமாம் மாமா, எரியும்" என்று சொல்லி, என் வேஷ்டி நுனியால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.