உன் சுவருக்குள் என் பல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொண்டது. நானும் உன் அண்ணியும் சுகம். உன் சுகமும், மாப்பிள்ளையின் குறட்டையின் சுகமும் அறிய ஆவல்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மேல்வரிசைப் பல் செட்டு உன் புது வீட்டில், படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுச்சுவருக்குள் இருக்கிறது. போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். பல் இல்லாமல் நான் பேசினால் நீ சிரித்தே போனை வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் வீட்டை மெஷின் கட்டுகிறது என்று சொன்னேன் அல்லவா? தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பி, அதன்மேல் ஓடுகிற ஒரு பெரிய கை, கை நுனியில் ஒரு மூக்கு. கம்ப்யூட்டரில் இருக்கிற பிளான்படி அந்த மூக்கு, ஜலதோஷம் பிடித்த பிள்ளை மாதிரி கலவையை ஒழுக்கிக்கொண்டே சுற்றிச் சுற்றி வரும். சுற்றுக்கு ஒரு வரி சுவர் ஏறும். செங்கல் கிடையாது, சாரம் கிடையாது, டீக்கு நிற்பதும் கிடையாது. ஓட்டுகிற இன்ஜினியர் பொண்ணு நிழலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேஸ்திரியான நான் கலவைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போதுதான் உங்களுக்கு ஏத்த வேலை கிடைச்சிருக்கு என்கிறாள் உன் அண்ணி.

அன்றைக்கு பிஸ்கட் ஒட்டிக்கொண்டதென்று பல்லைக் கழற்றிக் கழுவி, சுவர் மேல் வைத்துவிட்டு, தொட்டியில் மூட்டை பிரித்துக் கொட்டப் போய்விட்டேன். எங்கள் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். சாப்பாட்டுத் தூக்கு, சட்டை, செருப்பு எல்லாம் பாதிச் சுவர் மேல்தான் கிடக்கும். கொத்தனார் அந்த இடத்துக்கு வந்தால், யாருதுப்பா இது என்று கேட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கல் வைப்பான். மெஷின் கேட்கவில்லை. நான் திரும்பி வந்தபோது என் பல்லின் மேல் இரண்டு வரி ஏற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி சமையலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நான் கையைக் காலை ஆட்டியதில் பொண்ணு மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தது.

"ஈரச் சுவரு மேஸ்திரி. இப்பக் குடைஞ்சா மொத்தமும் சரிஞ்சிடும், அடியிலேர்ந்து போடணும். நாளைக்கு மெஷின் வேற ஊருக்குப் போகுது. இனி மழை முடிஞ்சுதான் வரும்."

வாடகை வீட்டுக்காரர் மாசக் கடைசிக்குள் உங்களைக் காலி பண்ணச் சொன்னதும், பெட்டி படுக்கையைக் கட்டி வைத்துக்கொண்டு நீ தினமும் எனக்குப் போன் போடுவதும் நினைவுக்கு வந்தது.

"ஓட்டும்மா," என்றேன். "பல்லு வேற கட்டிக்கலாம். என் தங்கச்சி வாய்க்கு யாரு பதில் சொல்றது?"

பல் இல்லாமல் சொன்னதில் அதற்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் ஓட்டியது. பொழுது சாய்வதற்குள் சுவர் முடிந்துவிட்டது. வளைவெல்லாம் அவ்வளவு அழகு. என் கைக்கு வந்திருக்காது. இதை வெளியில் சொல்லிவிடாதே. அடுத்த வாரம் என் மகள் கல்யாண போட்டோவில் நான் வாயை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும். உன் அண்ணிக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அந்தச் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்க விடாதே. அண்ணன் கொடுத்த பரிசாக அது உள்ளேயே இருக்கட்டும். ராத்திரி மாப்பிள்ளை குறட்டை விட்டால் உனக்குப் பதிலாக நான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், அந்த வீட்டில் வெகுகாலம் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பொக்கைவாய் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போட மறந்து சில நாள் பையிலேயே வைத்திருந்தேன். அதற்குள் ஒன்று தெரிந்தது. பிளான் போடும்போது குளியலறைக் கதவு எங்கே என்று பொண்ணு கேட்டதற்கு, முதலில் சுவர் வரட்டும், கதவுக்கு அப்புறம் உடைச்சுக்கலாம் என்று பழக்க தோஷத்தில் சொல்லியிருக்கிறேன். மெஷின் சொன்னபடி கேட்டிருக்கிறது. உன் குளியலறைக்குள் போக வழியே இல்லை. சுவர் நன்றாகக் காய்ந்துவிட்டதால், இன்று காலை அறுக்கிற மெஷினைக் கொண்டுவந்து அதே நடுச்சுவரில் கதவுக்கு வெட்டினார்கள். கம்ப்யூட்டர் காட்டிய கோட்டில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கதவு வழி சரியான அளவில் வந்திருக்கிறது. பல் செட்டு இரண்டாக வந்திருக்கிறது.